மையர் என்றால் என்ன பொருள்? ஜெர்மன் குடும்பப் பெயரின் வேரைத் தேடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனியில் அடுக்குமாடி வீட்டின் வாசலில் அழைப்புமணிப் பலகை ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் குடும்பப் பெயர் மட்டும் எழுதியிருப்பார்கள். தபால்காரரும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் பெட்டியில் போடுவார். அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறையில் அதையும் மாற்றிவிடும் நமக்கு, நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே பெயர் தொடர்ந்து வருவது புதிய சங்கதி. அந்தப் பலகை முன்னால் நின்று ‘இந்தப் பெயருக்கெல்லாம் என்ன அர்த்தம்?’ என்று யோசித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பொருளில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அகராதியை எடுத்தால் முல்லர் என்றால் மாவு மில்காரர், ஃபிஷர் என்றால் மீனவர் என்று வரும். பத்துப் பெயர் இப்படிச் சுலபமாகக் கிடைத்ததும், எல்லாப் பெயருக்கும் இதுபோல ஒரு பொருள் காத்திருக்கிறது என்று நம்பிவிடுவோம். உண்மையில் ஒரே பெயர் வடக்கே ஒரு பொருளும் தெற்கே வேறு பொருளும் தரும். அதனால் வரிசையை மாற்றுங்கள்: எழுத்து, இடம், வட்டாரப் பேச்சு, காலம். பொருள் இவற்றுக்கு அப்புறம்தான். ஜெர்மனியில் எங்கு போனாலும் காதில் விழும் ‘மையர்’ என்ற பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதல் படி: எழுத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்

தமிழில் ‘மையர்’ என்று எழுதினால் ஒரே பெயர்தான். ரோமன் எழுத்தில் அது ஐந்தாறு பெயர். எம்முக்கும் கடைசி இ-ஆருக்கும் நடுவில் இ-ஒய் வரலாம், இ-ஐ வரலாம், ஏ-ஐ வரலாம், ஏ-ஒய் வரலாம். கடைசி இ இல்லாமல் ஏ-ஒய்-ஆர் என்று முடிவதும் உண்டு. உச்சரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதனால்தான் ஜெர்மானியர்களே தொலைபேசியில் பெயர் சொல்லும்போது எந்த ஐ, எந்த ஒய் என்று எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். காதில் கேட்டதை நம்பாமல், பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏ, ஓ, யூ மேல் இரண்டு புள்ளி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் கீழ்வரியிலும் விமானச் சீட்டிலும் புள்ளிக்குப் பதில் பக்கத்தில் ஒரு இ சேர்ந்து நிற்கும். அமெரிக்காவுக்குப் போன குடும்பம் என்றால் புள்ளி மறைந்திருக்கும், அல்லது பெயரே மாறியிருக்கும். பியானோவுக்குப் பேர்போன ஸ்டைன்வே குடும்பம் ஜெர்மனியில் ஸ்டைன்வேக் ஆக இருந்தது. கல் பாவிய பாதை என்று பொருள். அங்கே போனபின் ‘வேக்’ ஆங்கில ‘வே’ ஆயிற்று.

எழுத்தைக் கவனமாகக் குறிக்கச் சொன்னேன். ஆனால் அதையே வம்ச அடையாளமாக எண்ணிவிடாதீர்கள். பிறப்பு, திருமணம், இறப்பை அரசு அலுவலகத்தில் பதியும் முறை அன்றைய ஜெர்மனியின் பெரிய அரசான பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், ஜெர்மனி முழுவதும் 1876 ஜனவரியிலும்தான் வந்தது. பெயரின் எழுத்து உறைந்து நின்றது பெரும்பாலும் அதன் பிறகே. அதற்கு முன்னால் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதுவார். அண்ணன் பெயர் ஒரு விதமாகவும் தம்பி பெயர் வேறு விதமாகவும் ஒரே ஏட்டில் இருக்கும். மார்ட்டின் லூத்தரின் அப்பா ‘லூடர்’ என்றே எழுதப்பட்டார். மகன்தான் 1517 வாக்கில் ‘லூத்தர்’ என்று மாற்றிக்கொண்டார். ஆக, தேடும்போது எல்லா எழுத்து வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். பி-யும் (B) பி-யும் (P), டி-யும் டி-எச்சும், சி-யும் கே-யும், எஃப்-பும் வி-யும் இடம் மாறுவது மிகச் சாதாரணம்.

இரண்டாம் படி: வரைபடத்தைப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயர் இன்று எந்த மாவட்டத்தில் அடர்த்தியாக இருக்கிறது என்று காட்டும் இலவச வரைபடங்கள் இணையத்தில் உண்டு. ‘கேயோகென்’ என்பது எளிமையானது. பெயரைத் தட்டினால் நிறம் தீட்டிய ஜெர்மனி வரும். இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் ‘ஜெர்மனியின் மின்னணுக் குடும்பப் பெயர் அகராதி’ இருக்கிறது. மைன்ஸ் நகர அறிவியல் கழகமும் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2012 முதல் நடத்திவரும் வேலை அது. வரைபடம், பழைய வடிவங்கள், பொருள் விளக்கம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதன் வரைபடங்கள் 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளை வைத்து வரைந்தவை. எல்லோர் கைக்கும் செல்பேசி வந்து வீட்டு இணைப்புகள் குறைவதற்கு முந்தைய கணக்கு என்பதால் அது ஒரு பொக்கிஷம்.

மையரைப் போட்டுப் பாருங்கள். இ-ஒய் வடிவம் வடமேற்கே, நீடர்சாக்ஸன் மாநிலத்தில் குவிந்து கிடக்கும். ஏ-ஐ வடிவமும் ஏ-ஒய் வடிவமும் தெற்கே, பாடன்-வ்யூர்ட்டம்பெர்கிலும் பவேரியாவிலும். கடைசி இ இல்லாத வடிவம் பவேரியாவையும் ஆஸ்திரியாவையும் ஒட்டி. ஒரே ஒலிதான், ஆனால் எழுத்தைப் பார்த்தே குடும்பம் எந்தப் பக்கத்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், இன்றைய ஜெர்மனிக்குக் கிழக்கே இருந்த சிலேசியா, கிழக்குப் பிரஷ்யா, பொமரேனியா, சுடேட்டன் பகுதிகளிலிருந்து சுமார் 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர்கள் ஊரை விட்டு ஓடினார்கள், அல்லது துரத்தப்பட்டார்கள். அவர்களைக் கிடைத்த இடத்திலெல்லாம் குடியமர்த்தினார்கள். அந்தப் பக்கத்துப் பெயர்கள் இன்றைய வரைபடத்தில் மையமே இல்லாமல் சிதறித் தெரியும். கால்பந்து வீரர் மிரோஸ்லாவ் க்ளோசேயின் பெயர் நல்ல உதாரணம். ‘க்ளோசே’ என்பது நிக்கோலாஸ் என்ற பெயரின் சிலேசிய வழக்குச் சுருக்கம். அவர் பிறந்ததும் இன்று போலந்தில் இருக்கும் ஓப்போலேயில்தான். எனவே எந்த இடத்திலும் குவியாத ஒரு பெயரைக் கண்டால் பார்வையைக் கிழக்கே, இன்றைய எல்லைக்கு அப்பாலும் திருப்புங்கள். வரைபடத்தில் அப்படிச் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் மூட்டை தூக்கி நடந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அதை நினைக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு முடிவதில்லை.

மூன்றாம் படி: வட்டாரப் பேச்சைக் கேளுங்கள்

நம்மிடையே ஒரே தொழிலுக்குக் குயவர், வேளார், உடையார் என்று ஊருக்கு ஊர் வேறு சொல் இருப்பதுபோல ஜெர்மனியிலும் உண்டு. அந்தச் சொற்களே பெயராக உறைந்துவிட்டன. மண்பாண்டம் செய்பவர் தெற்கே ஹாஃப்னர், கிழக்கே ட்யோப்ஃபர், வடமேற்கே ப்யோட்டர், ஹெஸ்ஸன் பக்கம் ஆய்லர். வண்டி செய்யும் தச்சர் தெற்கிலும் நடுப்பகுதியிலும் வாக்னர், வடமேற்கில் ராடமாஹர், அதாவது சக்கரம் செய்பவர், வடகிழக்கில் ஸ்டெல்மாஹர். பீப்பாய் செய்பவருக்கோ ப்யோட்ஷர், ப்யுட்னர், ஷெஃப்லர், ஃபாஸ்பிண்டர், பிண்டர் என்று ஒரு பட்டியலே உண்டு. அன்று வீட்டில் எல்லாப் பண்டமும் பீப்பாயில்தான் இருந்தது, அதனால் அந்தத் தொழிலாளி இல்லாத ஊரே இல்லை.

வடக்கின் தாழ்நில ஜெர்மனுக்கும் தெற்கின் மேட்டுநில ஜெர்மனுக்கும் ஒலி வேறு. தெற்கே ஷ்வார்ட்ஸ் என்றால் வடக்கே ஸ்வார்ட். தெற்கே ஷெஃபர், அதாவது ஆட்டிடையர், வடக்கே ஷேப்பர். இந்த மாற்றம் பழகிவிட்டால் பாதிப் பெயர்கள் தாமாகவே திறந்துகொள்ளும்.

இடத்தால் பொருள் எப்படி மாறும் என்பதற்கு ஷ்ரோடர் நல்ல சாட்சி. முன்னாள் தலைமை அமைச்சர் ஒருவரின் பெயரும் அதுதான். வடக்கே அது துணி வெட்டுபவர், அதாவது தையற்காரர். திராட்சை விளையும் பகுதிகளில் இதே சொல் கனமான மதுப் பீப்பாய்களை உருட்டி நிலவறையில் இறக்குபவரைக் குறிக்கும். ஊர் தெரியாமல் இந்தப் பெயருக்குப் பொருள் சொல்பவரை நம்பாதீர்கள். ‘பெக்’கும் இப்படித்தான். தெற்கே ரொட்டி சுடுபவர், வடக்கே ஓடைக்கரையில் குடியிருந்தவர்.

பெயரின் வாலையும் பாருங்கள். ‘சன்’ போல ஒலிக்கும் ‘ஸென்’ முடிவு (பேட்டர்ஸென், ஹான்ஸென்) ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பக்கம். இன்னாரின் மகன் என்று பொருள். ‘லே’ என்று முடிந்தால் ஸ்வாபியா, ‘லி’ என்று முடிந்தால் சுவிட்சர்லாந்து. ‘ஓவ்’ என்று எழுதி ‘ஓ’ என்று மட்டும் உச்சரிக்கும் பெயர்கள் மெக்லன்பர்க், பிராண்டன்பர்க் பகுதியின் பழைய ஸ்லாவிய ஊர்ப்பெயர்களிலிருந்து வந்தவை.

நான்காம் படி: எந்த வகை என்று பிரியுங்கள்

ஆய்வாளர்கள் ஐந்து வகை சொல்வார்கள். மூதாதையின் பெயர், வந்த ஊர், குடியிருந்த இடம், தொழில் அல்லது பதவி, பட்டப்பெயர். முதல் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெர்க்கல் என்பது மார்க்வார்ட் போன்ற ஒரு பழைய ஆள்பெயரின் செல்லச் சுருக்கம். பிஸ்மார்க் என்பது ஆல்ட்மார்க் பகுதியில் உள்ள ஒரு ஊர். பாக் என்றால் ஓடை. தொழிலைப் பற்றி மேலே நிறையவே பார்த்தோம்.

தவறு அதிகம் நடப்பது பட்டப்பெயரில். க்யோனிக் என்றால் அரசன், கைஸர் என்றால் பேரரசன், பிஷோஃப் என்றால் பிஷப், பாப்ஸ்ட் என்றால் போப்பாண்டவர். இந்தப் பெயருள்ளவர்கள் அரச வம்சமும் இல்லை, போப்பின் பேரனும் இல்லை. அரசனின் நிலத்தில் வேலை செய்தவர், ஊர் நாடகத்தில் அந்த வேடம் போட்டவர், மிடுக்காக நடந்தவர் என்று அக்கம்பக்கத்தார் வைத்த பெயராக இருக்கலாம். நம் கிராமத்தில் ‘மைனர்’ என்றோ ‘ஜமீன்’ என்றோ ஒருவரை அழைப்பதுபோல.

ஐந்தாம் படி: இப்போது பொருளுக்கு வாருங்கள்

மையரின் வேர் லத்தீன் ‘மாயோர்’. பெரியவர், மேலானவர் என்று பொருள். இடைக்காலத்தில் நிலப்பிரபுவுக்கும் மடங்களுக்கும் பல ஊர்களில் பண்ணைகள் இருந்தன. பிரபு ஒவ்வொரு ஊரிலும் இருக்க முடியாது. அவருக்காகப் பண்ணையை மேற்பார்த்து, குடியானவர்களிடம் தானியமும் கோழியும் முட்டையும் வசூலித்து, சின்ன வழக்குகளைத் தீர்த்து வைத்தவர்தான் மையர். நம் மொழியில் பண்ணைக் காரியக்காரர் அல்லது மணியக்காரர் என்றால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். பின்னாளில் பிரபுக்கள் பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். வடமேற்கில் மையர் என்ற சொல் அந்தப் பெரிய குத்தகை விவசாயியைக் குறிக்கலாயிற்று. ஊருக்கு ஒரு பண்ணையாவது இருந்ததால் ஊருக்கு ஒரு மையராவது இருந்தார். இவ்வளவு மையர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். எல்லோரும் உறவினர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரே வட்டாரத்தில் பல மையர்கள் சேர்ந்தபோது பிரித்துச் சொல்ல முன்னொட்டு வந்தது. மேட்டுப் பண்ணைக்காரர் ஓபர்மையர், பள்ளத்துப் பண்ணைக்காரர் நீடர்மையர், புதுப் பண்ணைக்காரர் நீமையர், கோயில் பக்கம் இருந்தவர் கிர்ஷ்மையர். இவை மிகவும் உதவியானவை. வெறும் மையரை விட நீமையரைத் தேடுவது பல மடங்கு சுலபம்.

அதே எழுத்துடன் முற்றிலும் வேறு வேரிலிருந்து வந்த மையர்களும் உண்டு. யூதக் குடும்பங்களில் ‘மேயிர்’ என்ற எபிரேயப் பெயர் வழக்கம். ஒளி தருபவர் என்று பொருள். அவர்களிடம் நம்மைப்போலவே அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆஸ்திரியா 1787-லும் பிரஷ்யா 1812-லும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டன. அப்போது மேயிர் என்ற அப்பா பெயர் பல வீடுகளில் மையராக நிலைத்தது. ஒரு மையரின் முன்னோர் பண்ணைக் காரியக்காரராக இருக்கலாம், மேயிர் என்ற பெரியவராகவும் இருக்கலாம். பெயரைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லவே முடியாது.

இதை வைத்து ஒரு வேண்டுகோள். உடன் வேலை செய்பவரிடம் ‘நீங்கள் யூதரா?’ என்று பெயரை வைத்துக் கேட்காதீர்கள். 1933-க்குப் பிறகு நாஜி ஆட்சி, அரசு வேலைக்குத் தாத்தா பாட்டி வரை யூதர் இல்லை என்று சான்றிதழ் கேட்டது. லட்சக்கணக்கானோர் தேவாலய ஏடுகளைப் புரட்டித் தங்கள் பூர்வீகத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்க முடியாதவர்களுக்கு நேர்ந்தது உலகத்துக்கே தெரியும். அந்த நாட்டில் பூர்வீகம் கேட்பது சாதாரண அரட்டை இல்லை. ‘உங்கள் குடும்பம் முன்பு எந்த ஊர்ப்பக்கம்?’ என்று கேளுங்கள். விருப்பமிருந்தால் அவர்களே மீதியைச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: காகிதத்தில் சரிபாருங்கள்

இதுவரை செய்தது எல்லாம் நல்ல ஊகம். உறுதி வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தின் பழைய பதிவு வேண்டும். இது பொறுமை கேட்கும் வேலை, ஆனால் பெயர்த் தேடலின் உண்மையான மகிழ்ச்சி இங்கேதான்.

தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அரசுப் பதிவகத்தில் பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணப் பதிவு 80 ஆண்டும், இறப்புப் பதிவு 30 ஆண்டும் ஆனபின் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். அதன் பிறகு யாரும் பார்க்கலாம். அதற்குள் என்றால் நேரடி வாரிசு என்று காட்ட வேண்டியிருக்கும். 1876-க்கு முன்னால் பெரும்பாலும் தேவாலய ஏடுகள்தான் கதி. கத்தோலிக்க ஏடுகள் பல ‘மாட்ரிகுலா’ தளத்தில் இலவசமாக உண்டு. புராட்டஸ்டண்ட் ஏடுகளுக்கு ‘ஆர்கியோன்’ தளம். அது கட்டணச் சேவை. அந்தக் குடும்பத்தின் ஊர் எந்தத் திருச்சபையின் கீழ் இருந்தது என்று தெரியாவிட்டால் 1912-இல் வந்த பழைய பேரரசின் ஊர்ப்பெயர் அகராதியை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அந்த அகராதியின் பெயரிலேயே ஒரு மையர் உண்டு!

ஏட்டைத் திறந்ததும் எழுத்து படிக்க வராது, பயப்படாதீர்கள். ‘குர்ரன்ட்’ என்ற பழைய கையெழுத்து அது. அதில் இ-யும் என்-னும் ஒன்றுபோலவே கூர்கூராக இருக்கும். அட்டவணையை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் நீங்கள் தேடும் பெயரை மட்டும் பத்து முறை அந்த எழுத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம் பக்கத்தில் அந்தப் பெயர் எங்கிருந்தாலும் கண் தானாகப் பிடித்துவிடும்.

ஏட்டில் மூன்று விஷயம் புதியவர்களைத் திணறடிக்கும். ஒன்று, பெண்களின் பெயருக்குப் பின்னால் ‘இன்’ சேர்ந்திருக்கும். இசைமேதை பாக்கின் மனைவி ‘பாக்கின்’ என்றே கையெழுத்திட்டார். அது வேறு குடும்பம் இல்லை. இரண்டு, படித்தவர்கள் பெயரை லத்தீனாக்கிக்கொண்டார்கள். வேபர் டெக்ஸ்டர் ஆவார், ஷ்னைடர் சார்டோரியுஸ் ஆவார், முல்லர் மோலிட்டர் ஆவார். கவிஞர் கேட்டேவின் (Goethe) அம்மா வீட்டுப் பெயர் டெக்ஸ்டர். மூதாதையர் வேபர், அதாவது நெசவாளர் என்ற பெயருடையவர்கள். மூன்றாவது வெஸ்ட்ஃபாலியாவுக்கே உரியது. அங்கே பெயர் ஆளோடு போகாது, பண்ணையோடு போகும். ஒரு பண்ணைக்கு வீட்டு மாப்பிள்ளையாகப் போனவர் மனைவியின் பண்ணைப் பெயரை ஏற்பார். ஏட்டில் பழைய பெயரை எழுதி, ‘கெனன்ட்’ அதாவது ‘என அழைக்கப்படும்’ என்று போட்டு, புதுப் பெயரை எழுதுவார்கள். இதைக் கவனிக்காமல் போனால் தவறான வம்சத்தில் பல தலைமுறை ஏறிவிடுவீர்கள். நான் அப்படி ஒரு தேடலில் இரண்டு மாதம் தொலைத்திருக்கிறேன்.

1600-க்கு முன்னால் போக முடியாவிட்டால் வருந்த வேண்டாம். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எத்தனையோ ஊர்களின் ஏடுகள் தேவாலயத்தோடு எரிந்தன. அங்கே நில வரிப் பட்டியலும் பண்ணைக் கணக்கும்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று. உங்கள் குடும்பப் பெயரின் சின்னம் என்று கேடயப் படம் விற்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது எந்த மையருக்கும் சொந்தமாகாது.

பழகிப் பார்க்க மூன்று பெயர்கள்

தமிழ்நாட்டோடு உறவுள்ள மூன்று ஜெர்மன் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் சரபோஜி மன்னரைப் பேணி வளர்த்த ஷ்வார்ட்ஸ்: ‘கறுப்பு’ என்ற பட்டப்பெயர், முடியின் அல்லது மேனியின் நிறம் பார்த்து வைத்தது. 1779-இல் தமிழ் அகராதியை வெளியிட்ட ஃபப்ரிசியுஸ்: ஷ்மிட் போன்ற கொல்லர் பெயர்கள் லத்தீன் சட்டை போட்டுக்கொள்ளும்போது எடுக்கும் உருவம்.

மூன்றாவது, 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. ஜெர்மன் ஒலிப்பில் ட்ஸீகன்பால்க். ‘ட்ஸீகே’ என்றால் ஆடு, ‘பால்க்’ என்றால் உரித்த தோல். ஆட்டுத்தோல் வாங்கி விற்றவரா, தோல் பதனிடும் ஒருவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயரா? அவர் பிறந்தது சாக்ஸனியில், லுசாஷியா பகுதியில் இருக்கும் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர். வரைபடத்தைத் திறந்து, முதலில் அந்த ஊரைத் தேடுங்கள்.